அயர்லாந்துக் கவிதையால் நின்றுபோன சம்பந்தம்

அன்புள்ள மச்சான் ஜெகதீசனுக்கு,

மேனாம்பேட்டிலிருந்து உன் அக்கா புருஷன் கோதண்டம் எழுதிக்கொள்வது. உன் அக்கா சித்ரா நலம். எனக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. மாங்காட்டில் நீயும் உன் சம்சாரம் வேம்புலியும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். விசாரிப்பு முடிந்தது, இனி என் வயிற்றெரிச்சல்.

என் மகள் நிவேதிதாவுக்கு நீ கொண்டுவந்த பூந்தமல்லி சம்பந்தம் நின்றுவிட்டது. போன மாதம் பெண் பார்க்க வந்தவர்கள் பஜ்ஜி சாப்பிடும்வரை ஒழுங்காகத்தான் இருந்தார்கள். மாப்பிள்ளை நிர்மலின் அப்பா பாண்டியன், "பொண்ணு இன்னா ஆராய்ச்சி பண்ணுது?" என்றார். நான், "கம்ப்யூட்டர் மாதிரி ஒண்ணு..." என்று இழுப்பதற்குள் நிவேதிதா, "அயர்லாந்துப் பொம்பளைங்க இப்போ எழுதற கவிதை, அங்கிள்" என்றுவிட்டாள்.

"அத்தப் படிச்சா அந்த ஊரு விசா குடுப்பாங்களா?" என்றார் பாண்டியன்.

அதோடு விட்டிருந்தால் நான் பிழைத்திருப்பேன். நிர்மலின் அம்மா அனுசுயா, "ஒண்ணு சொல்லும்மா, கேப்போம்" என்றார். உன் அக்கா மகளும் தமிழில் சொன்னாள். ஒருத்தி எல்லோருக்கும் உருளைக்கிழங்கு அவித்துப் போட்டுவிட்டு, காலிச் சட்டியோடு ஜன்னலருகே நிற்கிறாள். நீ சாப்பிட்டாயா என்று ஒருவரும் கேட்கவில்லை. அவ்வளவுதான் கவிதை! எதுகை உண்டா, மோனை உண்டா? ஆனால் அந்த அம்மா தட்டைக் கீழே வைத்துவிட்டுப் புருஷனைப் பார்த்து, "நீ என்னிக்குனா கேட்டுகீறியா?" என்றார். அடுப்படியிலிருந்து உன் அக்கா, "இங்க மட்டும் இன்னா வாழுது?" என்று குரல் கொடுக்க, பாண்டியன் எழுந்து காரில் போய் உட்கார்ந்து ஹாரன் அடிக்க, அனுசுயா அசையாமல், "அவரு போவட்டும். நீ இன்னொண்ணு சொல்லு கண்ணு" என்றார். அன்றைக்கே சம்பந்தம் வேண்டாம் என்று பாண்டியன் போன் செய்துவிட்டார். அந்த அம்மா மட்டும் சனிக்கிழமைதோறும் பஸ் ஏறி இங்கே வந்துவிடுகிறார். தெருப் பெண்களும் கூடி, ஹாலில் கவிதை நடக்கிறது. ரசம் நான் வைக்கிறேன். புளி அதிகம் என்று அதற்கும் விமர்சனம்.

தாய்மாமன் நீ சொன்னால் நிவேதிதா கேட்பாள். உடனே வந்து இந்த அயர்லாந்தை வீட்டைவிட்டுத் துரத்து. வேறு இடமும் பார்.

உங்கள் இருவருக்கும் என் ஆசிகள் குறைவில்லாமல் உண்டு.

இப்படிக்கு,
கோதண்டம்

பி.கு.: மேலே எழுதியதை மறந்துவிடு. நிர்மல் இப்போதுதான் வந்து நிவேதிதாவிடமே கேட்டு, சம்மதமும் வாங்கிவிட்டான். ஆராய்ச்சி முடிந்ததும் கல்யாணம். அவர் வீட்டில் ஒருவரும் முகம் கொடுத்துப் பேசாததால் பாண்டியனும் இறங்கி வந்துவிட்டாராம். இன்னொன்று: சனிக்கிழமை தையல் வகுப்பு என்று உன்னிடம் சொல்லிவிட்டு வேம்புலி இங்கேதான் வருகிறாள். உன்னைப் பற்றி அவளே ஒரு கவிதை எழுதியிருக்கிறாள். நானே இரண்டு முறை படிக்கச் சொல்லிக் கேட்டேன்.