முதலாளி காருக்கு மரம் மாற்றிய வைபவம்

சுதந்திரத்துக்குப் பிறகு நம் நாட்டில் நடந்த மாபெரும் புனர்நிர்மாணப் பணி எது என்று கேட்டால், அணைக்கட்டு என்பார்கள் சிலர்; உருக்காலை என்பார்கள் சிலர். பள்ளிப் பிள்ளைகளை அமராவதி அணைக்குக் கூட்டிக்கொண்டு போய்வந்த வாத்தியார்கள் அணைதான் என்று அடித்தே சொல்வார்கள். இவர்களில் ஒருவராவது திருப்பூரில் எங்கள் ஜெயமங்கள விலாஸ் பனியன் கம்பெனியின் பின்கட்டுக் கொட்டகையை எட்டிப் பார்த்ததில்லை. பார்த்திருந்தால் வாயை மூடிக்கொண்டிருப்பார்கள். அங்கேதான் எங்கள் முதலாளி கிட்டுசாமி அவர்களின் காருக்கு மரம் மாற்றப்பட்டது. கம்பெனி மேனேஜர் என்ற முறையில் நான் நேரில் கண்டதையே எழுதுகிறேன்.

காருக்கு ஏது மரம் என்று கேட்பவர்கள் அந்தக் காலத்துக் கார்களை அறியாதவர்கள். வெளியே பார்க்கத் தகரம். தகரத்தை உரித்தால் உள்ளே தூண், வளை, சட்டம், கதவுக்கட்டை எல்லாமே மரம். ஆனைமலைப் பக்கம் தேயிலைத் தோட்டம் வைத்திருந்த ஒரு துரை சீமைக்குக் கப்பலேறும்போது விட்டுப்போன கார் அது. முதலாளி அதை உடுமலைப்பேட்டைத் தேங்காய் மண்டிக்காரர் ஒருவரிடமிருந்து வாங்கினார். எந்தக் கம்பெனி கார் என்பது கேட்பவரின் தகுதியைப் பொறுத்தது. ஆடிட்டர் கேட்டால் ஒரு பெயர். சம்பந்தி கேட்டால் அதைவிடப் பெரிய பெயர். துரை அதில் சவாரி போனார். மண்டிக்காரர் அதில் தேங்காய் ஏற்றினார். பிறகு கரையான் குடியேறி, மற்ற இருவரையும்விட அதை நன்றாகவே அனுபவித்தது. முதலாளி முதன்முறையாக ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தியபோது, மேற்கூரை பணிவோடு இறங்கிவந்து அவர் தலையைத் தொட்டது.

"கார் நல்ல காருங்க. எலும்புதான் உளுத்துப் போச்சு," என்றார் முதலாளி.

அடுத்த வருஷம் ஆனி மாதம் வணிகர் சங்கத் தலைவராகப் பதவியேற்க, ரயிலடியிலிருந்து சங்கக் கட்டடம் வரை இந்தக் காரில் ஊர்வலம் போவதென்று அவர் முடிவு செய்திருந்தார். சங்கத் தேர்தல் அதற்குப் பிறகுதான் நடந்தது.

எலும்புக்கு மரம் வேண்டும். அதிர்ஷ்டவசமாக மரம் கம்பெனியிலேயே இருந்தது. பின்கட்டில் முன்பு ஒரு பெரிய வாகை மரம் நின்றது. அதன் மறைவில்தான் பெண்களுக்கான 'சுகாதார வசதி' அமைந்திருந்தது. வசதி என்றால் மூன்று பக்கம் சுவர், முன்பக்கம் ஒரு சாக்குப் படுதா. பனியன் மடித்து அடுக்கும் மடிப்புப் பகுதிக்குக் கொட்டகை போடுவதற்காக மரத்தை வெட்டியதும் மறைவு போய்விட்டது. ரோட்டில் போகிற பார வண்டியிலிருந்து பார்த்தால் படுதா தெரியும். காற்றடித்தால் படுதா தெரியாது.

மடிப்பில் மூத்தவளான மயிலாள் முதலாளியின் அறைக்கு வந்தாள்.

"ஏனுங்க மொதலாளி, காத்தடிச்சாப் படுதா தலைக்கு மேல போகுதுங்க. ஒரு கதவு போட்டுக் குடுங்க."

"போட்டாப் போச்சு அம்முணி. வெட்டுன மரத்துலயே போடறேன். மரம் காயட்டும்."

முதலாளி வாக்குத் தவறாதவர். மரம் அறுபட்டு, பலகையாகி, காய ஆரம்பித்தது. அது காய்ந்த மும்முரத்தைப் பார்க்க எனக்கே பெருமையாக இருந்தது.

எங்கள் பெண் தொழிலாளர்களின் சிக்கன உணர்வை இந்த இடத்தில் பாராட்டியே ஆகவேண்டும். ஆண்கள் பக்கத்துத் தண்ணீர்ப் பானை பத்து மணிக்கே காலியாகிவிடும். பெண்கள் பக்கத்துப் பானை சாயங்காலம் வரை தளும்பிக்கொண்டே இருக்கும். வேலைக்கு வந்ததிலிருந்து வீடு திரும்பும்வரை அவர்கள் ஒரு மடக்குக் குடிப்பதில்லை. வருகிற விருந்தாளிகளிடமெல்லாம் முதலாளி அந்தப் பானையைக் காட்டுவார். "பொறுப்புன்னா இதுங்க பொறுப்பு," என்பார்.

பங்குனி வெயிலில் ஒருநாள், நூல் பிசிறு வெட்டிக்கொண்டிருந்த பழனாயி என்ற பெண் கையில் கத்தரியோடு அப்படியே சாய்ந்துவிட்டாள். முகத்தில் தண்ணீர் தெளித்து, சோடா உடைத்துக் கொடுத்தோம். அவள் சோடாவைத் தள்ளிவிட்டாள்.

"வேண்டாமுங்க. குடிச்சா அப்பறம் எங்கீங்க போறது?"

எனக்கு நெஞ்சில் சுருக்கென்றது. மேனேஜர்களுக்கு அப்படியெல்லாம் ஆகக்கூடாது என்பதால் உடனே சரிசெய்துகொண்டேன்.

புரட்டாசியில் ஆயுத பூஜை வந்தது. முதலாளி தம் திருக்கரத்தால் மிஷின்களுக்கும், தராசுக்கும், கத்தரிகளுக்கும், எனக்கும் பொட்டு வைத்தார். கிண்ணத்தில் சந்தனம் மிஞ்சியது. வீணாக்குவானேன் என்று பின்கட்டுக்குப் போய், அடுக்கியிருந்த வாகைப் பலகைகளுக்கும் ஒவ்வொரு பொட்டு வைத்துவிட்டு வந்தார். மறுவாரம் கதவு செய்வதற்காகத் தங்கவேலு ஆசாரி உளிப்பையோடு வந்து நின்றபோதுதான் அந்தப் பொட்டின் மகிமை வெளிப்பட்டது.

"நில்லுங்க ஆசாரி!" என்றார் முதலாளி. "பூசை போட்ட மரத்தைக் கொண்டுபோய்க் கக்கூசுக்கு வெக்கறதுங்களா? சாமி குத்தமாயிருமுங்க!"

ஆசாரி கன்னத்தில் போட்டுக்கொண்டார். நானும் போட்டுக்கொண்டேன்.

"அப்ப இதை என்ன பண்றதுங்க?" என்றார் ஆசாரி.

"நல்ல காரியத்துக்குத்தான் ஆகோணும்," என்று முதலாளி கண்ணை மூடி யோசித்தார். கண்ணைத் திறந்தபோது பார்வை நேராகக் காரின் மேல் விழுந்தது. தெய்வச் செயல் என்பது இதுதான்.

புனர்நிர்மாணம் தொடங்கியது. தகரத்தை உரித்து, உளுத்த கட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து, அதே அளவில் புதுக்கட்டை செய்யவேண்டும். பழைய கட்டை கையில் எடுத்ததுமே மாவாக உதிர்ந்ததால், அளவு என்னவாக இருந்திருக்கும் என்பதை ஆசாரி ஊகித்தார். அவர் பல்லடம் வட்டாரத்தில் வீட்டு நிலை செய்வதில் பேர் போனவர். எனவே காருக்கும் நிலை வந்தது. நிலை நிறுத்தும் அன்று மாவிலை கட்டி, மஞ்சள் துணியில் நவதானியம் முடிந்து தொங்கவிட்டார்கள். பின்சீட்டுத் தூணில் விளக்கு வைக்க ஒரு மாடமும் குடைந்திருந்தார்.

"கார்ல எதுக்கு ஆசாரி மாடம்?" என்றேன்.

"நெலைன்னா மாடம் இல்லாம எப்படீங்க?"

முதலாளி அதில் ஒரு முருகன் படத்தை வைத்துவிட்டார். கதவுகள் மட்டும் அபாரம். வாகைச் சட்டம், மேலே கறுப்புத் தகரம், உள்பக்கம் மெத்தை, கைப்பிடியைச் சுற்றினால் ஏறி இறங்கும் கண்ணாடி, அதற்கு முதலாளியம்மாள் ரங்காத்தாள் தம் கையால் தைத்த பச்சைத் திரை. வலப்பக்கக் கதவை ஆசாரி எவ்வளவு உறுதியாகப் பொருத்தினார் என்றால், அது அதற்குப்பின் திறக்கவே இல்லை. இடப்பக்கம் ஒன்றுதான் போக்குவரத்துக்கு.

வைகாசியில் ஃபாக்டரி இன்ஸ்பெக்டர் வந்தார். பின்கட்டுக்குப் போனார். காற்று அவர் கண்ணெதிரே தன் கடமையைச் செய்தது.

"அடுத்த வாரம் வருவேன்," என்றார். "இங்கே கதவு இல்லையென்றால் உங்கள் கம்பெனிக் கதவைச் சாத்திவிடுவேன்."

முதலாளிக்கு வியர்த்துவிட்டது. காய்ந்த மரம் ஒரு துண்டுகூட மிச்சமில்லை; அத்தனையும் காருக்குள். இந்த நெருக்கடியில் யோசனை சொன்னவன் அடியேன். கழற்ற முடிந்த அந்த ஒரே கார்க் கதவை ஒருநாள் இரவல் வாங்கி மாட்டினோம். மேலேயும் கீழேயும் இருந்த இடைவெளியைத் தகரத்தால் அடைத்தோம்.

இன்ஸ்பெக்டர் வந்தார். பார்த்தார். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

"இது என்ன கைப்பிடி?"

"சுத்திப் பாருங்க சார்," என்றேன்.

சுற்றினார். கண்ணாடி இறங்கியது.

"காற்றோட்டம் சார். சட்டத்துலயே இருக்குதுங்களே."

"உள்ளே மெத்தை?"

"தொழிலாளர் நலம் சார்."

"என் ஆபீஸில்கூட இந்த வசதி இல்லையே!" என்று பெருமூச்சு விட்டுவிட்டு, 'மிகவும் திருப்தி' என்று எழுதிக் கொடுத்துப் போனார்.

அன்று மத்தியானத்துக்குள் பெண்கள் பக்கத்துப் பானை காலி. மறுபடியும் நிரப்பவேண்டியதாயிற்று. பல மாதங்களாகக் கட்டிக் காத்த சிக்கனம் ஒரே பொழுதில் பாழாய்ப் போனது. பழனாயி இரண்டு சொம்பு குடித்ததை நானே பார்த்தேன். பார்த்துக்கொண்டே நின்றேன், மனசு நிறைந்திருந்தது என்பதை இங்கே மறைப்பதற்கில்லை.

சாயங்காலம் ஆசாரி திருப்புளியோடு கதவைக் கழற்றப் போனார். கதவு சாத்தியிருந்தது.

"ஆள் இருக்குதுங்க," என்றது உள்ளேயிருந்து ஒரு குரல்.

அவள் வந்ததும் அடுத்தவள் போனாள். வெளியே ஒரு வரிசை. மறுநாளும் அதே வரிசை. மூன்றாம் நாள் முதலாளியே நேரில் வந்தார்.

"ஏனம்முணி, ஊர்வலம் வருது. கதவைக் குடுத்துருங்க."

மயிலாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு பணிவாகச் சொன்னாள்: "கழட்டிக்கங்க மொதலாளி. நாங்க தடுக்கலீங்க. ஆனா, கக்கூசுல மாட்டுன கதவைக் கார்ல மாட்டறதுங்களா? உள்ள முருகன் படம் வேற இருக்குது. சாமி குத்தம்னு நீங்கதானுங்க சொல்லிக் குடுத்தீங்க."

முதலாளி என்னைப் பார்த்தார். நான் ஆசாரியைப் பார்த்தேன். ஆசாரி முன்போலவே கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"கழுவிட்டு மாட்டுனா?" என்று கேட்டுப் பார்த்தார் முதலாளி.

இதற்குப் பதில் ரங்காத்தாள் அம்மாளிடமிருந்து வந்தது. விஷயம் அதற்குள் வீட்டுக்கு எட்டியிருந்தது. "அந்தக் கதவை மாட்டுனீங்கன்னா, அந்தக் கார்ல போறவங்க ஊட்டுக்குள்ள வரவேண்டாமுங்க," என்று சொல்லியனுப்பிவிட்டார்.

"வேற கதவு செய்யுங்க ஆசாரி!"

"செஞ்சரலாமுங்க. மரம் காயோணுமே. ஒரு வருசமாவது ஆகுமுங்க."

சாக்குப் படுதா ஒன்று சும்மாதான் கிடக்கிறது, காரில் தொங்கவிடலாம் என்று நான் தெரிவித்தேன். அந்த மாதம் என்னிடம் முதலாளி அதிகம் பேசவில்லை.

ஊர்வலம் குறித்த நாளில் நடந்தது. மேளம், மாலை, வாணவேடிக்கை எதற்கும் குறைவில்லை. கறுப்புக் கார் பளபளவென்று ரயிலடியிலிருந்து புறப்பட்டது. டிரைவர் பக்கத்தில் நான். பின்சீட்டில் பட்டுவேட்டியோடு முதலாளி. அவருடைய இடப்பக்கத்தில் கதவு இருக்கவேண்டிய இடத்தில் திருப்பூர். பாலத்தைத் தாண்டியதும் ஆனிக்காற்று குபீரென்று உள்ளே புகுந்தது. வேட்டி எழும்பியது. முதலாளி இடது கையால் அமுக்கினார். காற்று மறுபக்கம் வந்தது; வலது கையாலும் அமுக்கினார். மாலையோடு வந்தவர்களுக்குக் கும்பிடு போட மூன்றாவது கை இல்லை. கடைவாசல்களில் நின்ற ஜனங்கள் தலைவரின் முகத்தைத் தவிர மற்றதையெல்லாம் பார்த்தார்கள். ஒருவன் விசிலடித்தான். முதலாளிக்குக் கண் கலங்கிவிட்டது.

அவ்வளவு அவமானத்திலும் மரியாதை குறையாமல் முன்னால் குனிந்து என் காதில் கேட்டார்: "ஏனுங்க மேனேசரே, ஊரே பாக்குது. கதவில்லாத எடத்துல ஒரு மனுசன் எப்படீங்க உக்காருவான்?"

இத்தனை ஆழமான கேள்வியை எங்கள் கம்பெனியில் இதற்கு முன் எந்த மனுசனும் கேட்டதில்லை. கேட்டவர்களெல்லாம் பெண்கள்.