நண்டுக் கட்டுரையின் ஆசிரியர்கள்

“வலன்ரைன், உங்கட நண்டுக் கட்டுரையை ஒருத்தரும் மேற்கோள் காட்டேல்லை. கூட்டா எழுதினவையும் ஒருத்தரும் இல்லை. ரெண்டுக்கும் புள்ளி சைபர்.”

கொழும்பிலிருந்து தொலைபேசியில் பேசியவர் மேலதிகாரி கலாநிதி சிவலட்சுமி. கேட்டுக்கொண்டிருந்தவர் பேசாலைக் கரையில் இருந்த சிறிய கடல் ஆராய்ச்சி நிலையத்தின் ஒரே விஞ்ஞானி. அங்கே கிளார்க்கும் அவர்தான், மழை பெய்தால் ஒழுகுகிற இடத்தில் வாளி வைப்பவரும் அவர்தான்.

“இப்பிடியே போனா நிலையத்தை மூடிப்போட்டு உங்களைத் தெற்கில காலிக்கு மாத்த வேண்டிவரும்.”

வீட்டில் சொன்னார். மனைவி பிரான்சிஸ்கா மண்டபம் அகதி முகாமில் வளர்ந்து, சண்டை முடிந்தபின் திரும்பி வந்தவள். அவளைப் போல வந்தவர்களில் பலருக்கு அடையாள அட்டைகூட இன்னும் வரவில்லை. வீட்டுக்கு ஓடு போட்டது இந்தப் பெரிய வெள்ளிக்கு முன்னர்தான்.

“நீங்கள் காலிக்குப் போங்கோ. நான் இன்னொருக்காப் பாய் சுருட்டமாட்டன்,” என்றாள்.

கத்திச் சொல்லியிருந்தால் வலன்ரைன் தாங்கியிருப்பார். அவள் மீனைக் கழுவிக்கொண்டே மெதுவாகச் சொன்னாள். அது அவருக்குப் பயத்தைக் கொடுத்தது.

முதலில் கூட்டு ஆசிரியர்களுக்கு வழி பார்த்தார். நிலையத்தின் சஞ்சிகையில் கட்டுரையைத் திருத்திய பதிப்பாகப் போடலாம். வள்ளம் தந்த சந்தியோகுவின் பெயரைச் சேர்த்தார். அதில் பொய்யில்லை. அந்த மனிதரின் வள்ளம் இல்லாவிட்டால் நண்டு தானாக நடந்து வந்திருக்காது.

சனி அங்கேதான் பிடித்தது. மரண அறிவித்தலில் ஒரு மருமகனின் பெயர் விடுபட்டால், பிறகு நல்லது கெட்டதுக்குப் போக்குவரத்தே நின்றுவிடுகிற ஊர் அது. மறுநாள் விடிந்ததும் அலெக்ஸாண்டர் வாசலில் நின்றார்.

“வள்ளம் அவற்ர, சரி. வலை ஆற்ர சேர்? என்ரயெல்லோ?”

சேர்த்தார். வலையிலிருந்து நண்டு கழற்றிய அன்ரோனெற் வந்தாள். அவளையும் சேர்த்தார். கஜீபன் வந்தான். அவன் எதையும் பிடிக்கவில்லை, கழற்றவுமில்லை.

“நான் பாத்துக்கொண்டு நிண்டனான் சேர். பாக்கிறதும் ஆராய்ச்சிதானே?”

இதற்கு விஞ்ஞானத்தில் மறுப்பு இல்லை. அவனையும் சேர்த்தார். பிறகு பள்ளிமுனையிலிருந்தும் ஆட்கள் வரத் தொடங்கினார்கள்.

“அப்பான்ர பேரோட முழுப் பேரும் போடுங்கோ சேர். சிங்களத்திலயும் போடுங்கோ. மேல அரசாங்கச் சிங்க முத்திரை வரும்தானே?”

‘என்ன ஆடம்பரமப்பா!’ என்று நினைத்துக்கொண்டே வலன்ரைன் எல்லாவற்றுக்கும் ஓம் சொன்னார். கட்டுரை இரண்டு பக்கம், ஆசிரியர்கள் மூன்று பக்கம் என்று அச்சாகி வந்தது. அவரவர் பிரதியை வாங்கிப் பிளாஸ்ரிக் உறைக்குள் வைத்தார்கள். தன் நண்டுக்கு ஊரில் இத்தனை மரியாதையா என்று வலன்ரைனுக்குக் கண் கலங்கியது.

அடுத்தது மேற்கோள். யாழ்ப்பாணத்தில் ஆட்டுப்பால் ஆராய்ச்சி செய்யும் பழைய நண்பன் சுபாஸைப் பிடித்தார். சுபாஸ் தாராள மனசுக்காரன். ஆட்டுப்பால் கட்டுரையில் ஐந்து இடத்தில் நண்டை மேற்கோள் காட்டிவிட்டான்.

கொழும்பிலிருந்து மறுபடியும் தொலைபேசி வந்தது.

“ஆட்டுப்பாலுக்கும் நண்டுக்கும் என்ன தொடர்பு?” என்று கேட்டார் சிவலட்சுமி.

“ரெண்டும்... சாப்பாடுதானே மேடம்.”

“அது கிடக்கட்டும். புள்ளியை ஆசிரியர்களின்ர தொகையால பிரிக்கிறதுதான் விதி. நீங்கள் ஊரையே சேர்த்து வச்சிருக்கிறியள். உங்களுக்கு மிஞ்சினதைக் கணக்கிட எங்கட மெசின்ல இடமில்லை. வெள்ளிக்கிழமை நேரில வாறன்.”

வலன்ரைன் அன்றே எல்லாப் பெயரையும் வெட்டினார். தன் பெயரை மட்டும் விட்டு, தலைப்புக்கு மேலே ‘முந்திய பதிப்பு செல்லாது’ என்று தமிழிலும் சிங்களத்திலும் கொட்டை எழுத்தில் போட்டு அச்சுக்குக் கொடுத்தார். செய்தி கசிந்து அலெக்ஸாண்டர் ஓடிவந்தார்.

“கடைசிப் பேராயாவது போடுங்கோ சேர். உங்களைக் கும்பிட்டன்.”

“பேர் வந்தா வயிறு நிறையுமோ, அலெக்ஸாண்டர்?”

அலெக்ஸாண்டர் கையில் தன் பிரதி இருந்த பிளாஸ்ரிக் உறையைத் தடவினார். கரைப் பக்கம் ஒருதரம் பார்த்தார். பிறகு உறையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போய்விட்டார். போன விதம் வலன்ரைனை உறுத்தியது. ஆனால் பிரான்சிஸ்காவின் பாய் அதைவிட அதிகமாக உறுத்தியது.

வெள்ளிக்கிழமை சிவலட்சுமி வந்தார். புதிய பதிப்பைப் புரட்டி, “இப்ப ஒரு மாதிரிப் பாக்கலாம். ஆனாலும் இதால ஆருக்குப் பிரயோசனம் எண்டு கேப்பினம். நண்டு வளர்ற இடத்தைக் காட்டுங்கோ,” என்றார்.

கரைக்கு இறங்கும் வழியில் காவலரண். மேலதிகாரி வருகிற பதற்றத்தில் வலன்ரைன் அடையாள அட்டையை வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தார். சிப்பாய் கையை நீட்டினான். வேறு வழியில்லாமல் வலன்ரைன் புதிய பதிப்பையே நீட்டினார்.

“பேர் இருக்கு, சிங்கமும் இருக்கு,” என்று அசடு வழிந்தார்.

சிவலட்சுமிக்குச் சிரிப்பு வந்தது. சிப்பாய் சிரிக்கவில்லை. காவலரணுக்குள் போய், உப்புக் காற்றில் ஓரம் கிழிந்த பழைய பதிப்பு ஒன்றை எடுத்துவந்தான். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்து, விரல் வைத்து வாசித்தான். பழையதில் மூன்று பக்கம் விரல் போனது. புதியதில் ஒரு வரியோடு நின்றது. வலன்ரைனை நிமிர்ந்து பார்த்தான்.

“மாத்தயா, ஐடென்டிகாட் வராத ஆள் எல்லாம் இந்தப் பழைய பேப்பர் காட்டித்தானே தினம் கடலுக்குப் போறது. புதுசில பழசு செல்லாது எண்டு போட்டிருக்கு, உங்க பேர் மட்டும்தான் இருக்கு. நாளைக்கு அவங்க எப்படிப் போறது?”