இரண்டு வீட்டிலும் செல்வி

பெண் கொடுத்துப் பெண் எடுக்கிற சம்பந்தத்தில் கம்ப்யூட்டரை நுழைய விடக் கூடாது. எண்பதுகளிலேயே நான் பட்டுத் தெரிந்துகொண்டது இது.

டிகிரி முடித்துவிட்டு, மதுரை காளவாசலில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் 'பேசிக்' என்கிற கம்ப்யூட்டர் மொழி படித்துக்கொண்டிருந்தேன். (செருப்பை வெளியே கழற்றிப் போட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். கோயிலில்கூட நான் அவ்வளவு பயபக்தி காட்டியதில்லை.) முதல் வாரமே சார் வேரியபிள் நடத்தினார். "பேர் ஒட்டுன டப்பான்னு வச்சுக்கங்க. ஒரு டப்பாவுல ஒரு பொருள்தான். புதுசா ஒண்ணு போட்டா பழசு அழிஞ்சிரும்." டப்பா என்றதுமே எல்லாம் புரிந்துவிட்டதால் மீதியை நான் கேட்கவில்லை.

அந்தச் சமயம் வீட்டில் கல்யாணப் பேச்சு. எழுமலை மாமாவின் மகள் செல்வி எனக்கு. என் தங்கை ஜெயா மாமாவின் மகனுக்கு. ஒன்று நின்றால் இரண்டும் நிற்கும். மாமாவுக்கு இதில் ஒரு பயம் இருந்தது. இளவயதில் அவருடைய தங்கையைக் கட்டிக்கொண்டு போன வேறொரு குடும்பம், பதிலுக்கு அவருக்குத் தர வேண்டிய பெண்ணை வேறு இடத்தில் கொடுத்துவிட்டது. "பொண்ணை வாங்குற வரைக்கும்தான் பேச்சு தேனா இருக்கும்" என்பார்.

மாப்பிள்ளை என்னதான் படிக்கிறான் என்று பார்த்துவிட்டு முடிவு சொல்வதாக ஒரு நாள் பஸ் ஏறி வந்துவிட்டார். அப்பா அவரை சென்டருக்கே அழைத்து வந்தார். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டி நான்தான்.

ஏ என்கிற டப்பா எங்கள் வீடு, அதில் ஜெயா. பி என்கிற டப்பா மாமா வீடு, அதில் செல்வி. "கல்யாணத்துக்கு அப்புறம் யாரு எங்கன்னு இதுவே சொல்லும் மாமா. மெஷின் பொய் சொல்லாது" என்றேன். பி-யில் இருப்பதை ஏ-யில் போடு. ஏ-யில் இருப்பதை பி-யில் போடு. இரண்டே வரி. தட்டினேன்.

மாமா பழைய எஸ்.எஸ்.எல்.சி. திரையில் வந்த பச்சை எழுத்தைக் கூட்டிக் கூட்டிப் படித்தார்.

"உங்க வீட்டுல... செல்வி. சரி. எங்க வீட்டுல... செல்வி." நிறுத்தினார். "ஜெயா எங்க மாப்ள?"

திரும்பத் தட்டினேன். திரும்பவும் செல்வி, செல்வி.

"எம்புட்டுத் தட்டுனாலும் உங்க பொண்ணு எங்க வீட்டுக்கு வரக் காணோமே! மெஷின் பொய் சொல்லாதுன்னு நீதான சொன்ன? நான் போறேன்." துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார். "மச்சான், மச்சான்" என்று அப்பா பின்னாலேயே ஓடினார்.

என் கல்யாணம் கிடக்கட்டும். ஜெயாவுக்கு அந்தப் பையனை ரொம்பப் பிடித்திருந்தது. வீட்டுக்குப் போய் அவள் முகத்தில் எப்படி விழிப்பேன்?

சார்தான் வாசலில் போய் மறித்தார். "அண்ணே, கோவிச்சுக்காதீங்க. செல்வி இவங்க வீட்டுக்குள்ள வந்ததும், அங்க இருந்த ஜெயா அழிஞ்சிருச்சு." (அழிஞ்சிருச்சு என்றதும் அப்பா சுவரைப் பிடித்துக்கொண்டார்.) "மொதல்ல ஜெயாவை மூணாவதா ஒரு டப்பாவுல எடுத்து வச்சிரணும். அப்புறம் செல்வி இங்க, ஜெயா அங்க." அவரே உட்கார்ந்து இன்னொரு வரி சேர்த்து, கடைசி வரியையும் மாற்றித் தட்டினார். எங்கள் வீட்டில் செல்வி. மாமா வீட்டில் ஜெயா.

மாமா உள்ளே வந்து மூன்று வரியையும் கூட்டிப் படித்தார்.

"அப்ப, மொதல்ல அவுக பொண்ணு வீட்டை விட்டு வெளிய வரணும்."

"ஆமாண்ணே."

"அப்படின்னா எனக்குச் சம்மதம்."

கல்யாணம் உசிலம்பட்டியில், ஒரே மண்டபத்தில், ஒரே மேடையில். பந்தி முடிந்த பிறகும் மாமா செல்வியை அனுப்பவில்லை. ஜெயா மாமா வீட்டுக் காரில் ஏறி, கதவைச் சாத்திய பிறகுதான், "இப்பக் கூட்டிட்டுப் போ மாப்ள" என்றார்.

இன்றைக்கும் எங்கள் இரண்டு வீட்டிலும் அந்த மண்டபத்துக்குப் பெயர் மூணாவது டப்பா. பல வருடம் கழித்து, ஜெயாவின் மகளுக்கு பெங்களூரில் இன்டர்வியூ. இரண்டு வேரியபிளில் இருப்பதை இடம் மாற்றச் சொன்னார்களாம். மூன்றாவது வேரியபிளுக்கு அவள் 'மண்டபம்' என்று பெயர் வைத்தாளாம். ஏன் இந்தப் பெயர் என்று கேட்டதற்கு, "அங்க நிறுத்தலைன்னா எங்கம்மா காணாமப் போயிருப்பாங்க சார்" என்றாளாம். வேலை கிடைத்துவிட்டது.

"நல்லவேளை, தாய்மாமன் யாருன்னு கேக்கலை" என்கிறாள் செல்வி.