பதினோராவது விரல்

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷங்களாக யோசித்துக்கொண்டே இருந்துவிட்டேன். காகிதத்தை எடுத்து வைப்பேன். மேலே "முருகன் துணை" என்று எழுதுவேன். அதோடு மடித்துப் பெட்டிக்குள் வைத்துவிடுவேன். நான் நாலாம் வகுப்போடு ஏர் பிடிக்கப் போனவன். பத்திரிகைக்கு எழுதும் படிப்பு எனக்கு இல்லை. ஆனால் தயக்கத்துக்குக் காரணம் அது மட்டுமல்ல. இந்த விஷயத்தில் நான் செய்த ஒரு காரியமும் வருகிறது. அதை விட்டுவிட்டு எழுதினால் பொய்யாகும். விடாமல் எழுத மனம் கூசியது. இப்போது என் மகளுக்குக் கல்யாணமாகி அவளும் பிள்ளை பெற்றுவிட்டாள். இனி எழுதுவதால் யாருக்கும் கெடுதல் வராது என்று குன்றக்குடியானைக் கும்பிட்டுத் தொடங்குகிறேன்.

காரைக்குடியைச் சுற்றிப் பத்து மைலுக்குள் பெரிய வீடு கட்டிக் கர்வப்பட்டவர்கள் உண்டு. ரங்கூனுக்குப் போய் வந்து கர்வப்பட்டவர்களும் உண்டு. வலது கைச் சுண்டுவிரலுக்குப் பக்கத்தில் முளைத்த இன்னொரு விரலை வைத்துக்கொண்டு உலகத்தையே குறைவாகப் பார்த்தவர் ஒருவர்தான். தாய் தகப்பன் வைத்த பெயர் அவருக்கு ஒன்று இருந்திருக்க வேண்டும். அதைச் சொல்லி விசாரித்தால் எதிர்வீட்டுக்காரர் கையை விரித்துவிடுவார். 'ஆறுவிரலார்' என்று சொன்னால் அவருடைய வண்டிமாடு கூடத் திரும்பிப் பார்க்கும்.

நாச்சியாபுரத்துக்காரர். தொழில் மாட்டுத் தரகு. அந்த ஆறாவது விரல் ஒரு பேரீச்சம்பழ நீளம்தான் இருக்கும். நகம் உண்டு, மடங்கும், நீளும். அதற்கென்று ஒரு வெள்ளி மோதிரம் செய்து போட்டிருந்தார். மற்ற ஐந்து விரல்களும் வெறுமையாகக் கிடக்கும்.

மாட்டுச் சந்தையில் விலையை வாயால் சொல்லமாட்டார்கள். கைகளின் மேல் துண்டைப் போட்டு மூடிக்கொண்டு, ஒருவர் விரலை ஒருவர் பிடித்துத்தான் பேசுவார்கள். ஒரு தடவை மதுரைப் பக்கத்திலிருந்து வந்த புதுத் தரகர் ஒருவர் துண்டுக்குள் இவர் கையைப் பிடித்தார். கட்டை விரலிலிருந்து ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டு போனவர் சுண்டுவிரலைத் தாண்டியதும் பாம்பைத் தொட்டவர் போலக் கையை உருவிக்கொண்டு அலறினார்.

"ஏய்யா, துண்டுக்குள்ள இன்னொரு ஆளு கை இருக்குய்யா!"

ஆறுவிரலார் துண்டை மெதுவாக விலக்கி, மோதிர விரலை ஆட்டிக் காட்டினார். "பயப்படாதீக. இது கும்பிடுறதுக்கு மட்டும்தேன். யாவாரத்துக்கு வராது."

கும்பிடுவதிலும் அவருக்கு ஒரு பெருமை. குன்றக்குடி மலைப்படியில் ஏறும்போது பக்கத்தில் வருகிறவர்களிடம் சொல்லுவார்: "அவனுக்கு மூஞ்சி ஆறு. எனக்கு வெரலு ஆறு. நீங்கள்லாம் அவன்கிட்ட வேண்டிக்கிற சனங்க. நான் பங்காளி."

இதையெல்லாம் ஊர் சிரித்துக்கொண்டே பொறுத்துக்கொண்டது. பொறுக்க முடியாதது ஒன்று இருந்தது. எந்த ஊரிலாவது ஆறு விரலோடு பிள்ளை பிறந்திருக்கிறது என்று காதில் விழுந்தால் போதும், பாதி பேசிய மாட்டை அப்படியே விட்டுவிட்டு வண்டியைப் பூட்டிவிடுவார். கற்கண்டும் புதுத்துணியும் வாங்கிக்கொள்வார். சொந்தமும் கிடையாது, அழைப்பும் கிடையாது. வாசலில் போய் நின்று, "நம்ம புள்ள பெறந்திருக்காமே, பாக்க வந்தேன்" என்பார். வீட்டுக்காரன் நிலைமையை யோசித்துப் பாருங்கள்!

ஆத்தங்குடியில் ஒரு வீட்டில் பெண்கள் கூடியிருக்க, நடு முற்றத்தில் நின்று, தண்ணீர் நிறைந்த செம்பின் கழுத்தில் கயிற்றைக் கட்டி, அதை ஆறாவது விரலில் மாட்டித் தூக்கிக் காட்டினார். "பாத்தீகளா? ஏர் புடிக்கும், சோறு அள்ளும், இம்புட்டுக் கனமும் தூக்கும். இதப் போயி வேணாம்பாகளா?" கயிறு நழுவியது. செம்பு அந்த வீட்டு மாமனாரின் காலில் விழுந்தது. மனிதர் ஒரு மாதம் நொண்டினார். அப்படியும் இவர் நகரவில்லை. பத்து நாள் முடியும் வரைக்கும் எதிர்ப்புறத்து வேப்பமரத்தடியில் மாட்டை அவிழ்த்துக் கட்டி உட்கார்ந்திருந்துவிட்டுத்தான் ஊர் திரும்பினார். எல்லா ஊரிலும் அந்தப் பத்து நாள் கணக்கு உண்டு. பித்து என்று சொல்லிக்கொண்டோம்.

அந்தப் பித்தரின் மகளைத்தான் எனக்குப் பேசினார்கள்.

பெண்ணின் பெயர் பொன்னழகி. தாயில்லாப் பிள்ளை. என் தாயார் பெண் பார்க்கப் போனபோது கூந்தலைப் பார்க்கவில்லை, நடையைப் பார்க்கவில்லை. பக்கத்தில் உட்காரவைத்து, வளையல் பார்ப்பது போலக் கையைப் பிடித்து, விரல்களை எண்ணினாள். எண்ணியதைத் தகப்பனார் பார்த்துவிட்டார். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தோம். அவரோ தலையைக் குனிந்துகொண்டு, மாட்டின் கெட்ட சுழியை மறைக்காமல் சொல்லும் தரகரைப் போல, "பத்துதேன் தங்கச்சி. ஒளிச்சு வச்சுப் பேசலை. எம் பொஞ்சாதி சாயல் விழுந்துபோச்சு. மத்தபடி கொணத்துல ஒரு கொறையும் இல்லை" என்றார்.

என் தாயாருக்கு உயிர் வந்தது. பரிசம் போட்டாயிற்று.

கல்யாணத்தன்று பந்தியில்தான் வெடித்தது. யாரோ ஒருவர், "ஆறுவிரலாரே, உங்க வெரலு உங்களோட முடிஞ்சுபோச்சே!" என்று சீண்டினார். மாமா இலையை விட்டு எழுந்தே நின்றுவிட்டார்.

"முடிஞ்சுபோச்சா? மாடு புடிச்சுப் பழகினவன்கிட்டயா சொல்லுறீக? வெள்ளைப் பசு செவலைக் கன்னு போட்டுப் பாத்ததில்லையா? பசுவும் வெள்ளை, காளையும் வெள்ளை. கன்னுக்குச் செவலை எங்கிட்டிருந்து வந்துச்சு? பசுவோட ஆத்தாளுக்கு ஆத்தா செவலை! எங்கயும் போகலய்யா, உள்ள உக்காந்திருந்துச்சு. எம் மக கையில இல்லாட்டி என்ன? அவ வயித்துல வரும், பாத்துக்கிட்டே இருங்க!"

பாயசம் ஊற்றிக்கொண்டிருந்த என் தாயாரின் கையிலிருந்து கரண்டி சம்பந்தி வீட்டுக்காரர் ஒருவரின் மடியில் விழுந்தது. பாயசம் நல்ல சூடு. அவர் போட்ட சத்தத்தில் மேளக்காரர் முகூர்த்தம் என்று நினைத்துக் கெட்டிமேளம் கொட்டிவிட்டார்.

பொன்னழகி உண்டானதும் எங்கள் வீட்டில் வழக்கு மேல் கோர்ட்டுக்குப் போய்விட்டது. என் தாயார் பிள்ளையார்பட்டிக்கு நடந்தே போய், பிள்ளைக்குப் பத்து விரல்தான் இருக்க வேண்டும் என்று நூற்றெட்டுக் கொழுக்கட்டைக்கு நேர்ந்துகொண்டாள். மாமா குன்றக்குடிக்குப் போய்க் காவடிக்கு நேர்ந்துகொண்டார். அவர் கேட்டது பதினொன்று அல்ல, பன்னிரண்டு! இரண்டு கையிலும் ஆறு.

"உங்களுக்கே ஒரு கையிலதான் மாமா" என்றேன்.

"நான் கேக்குறது எனக்கில்ல மாப்ள" என்றார். பேராசை என்று நினைத்துக்கொண்டேன்.

அண்ணனிடம் ஒரு மனு, தம்பியிடம் ஒரு மனு. இரண்டு பேரும் எனக்குக் குலதெய்வம் மாதிரி. நான் யாரிடமும் ஒன்றும் கேட்கவில்லை. தாயும் பிள்ளையும் நல்லபடியாக இருக்கட்டும் என்று மட்டும் இருவருக்கும் பொதுவாக ஒரு கும்பிடு போட்டேன்.

ஆனால் என் தாயார் பிள்ளையாரை மட்டும் நம்பி இருக்கவில்லை. கூடுதல் விரலோடு பிள்ளை பிறந்தால், குதிரைவால் மயிரில் சுருக்குப் போட்டு அந்த விரலின் அடியில் இறுக்கிக் கட்டிவிடுவது அப்போது வழக்கம். நாலைந்து நாளில் வாடி விழுந்துவிடும் என்பார்கள். "ஒரு மயிர் வாங்கி வச்சுக்கப்பா" என்றாள். நான் காரைக்குடிச் செக்காலைக்குப் போய் ஜட்கா வண்டிக்காரர் ஒருவரிடம் கேட்டேன்.

"குதிரைவால் மயிரா? எதுக்குய்யா?"

உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. "தூண்டி கட்ட. மீன் பிடிக்க" என்றேன்.

அவர் என் நெற்றித் திருநீற்றையும் கழுத்து உருத்திராட்சத்தையும் ஏற இறங்கப் பார்த்தார். "புரட்டாசிச் சனிக்கிழமை பட்டை போட்டுக்கிட்டு மீன் புடிக்கப் போற பக்திமானை இன்னைக்குத்தேன்யா பாக்குறேன்" என்றார். ஆனாலும் நாலு மயிர் பிடுங்கிக் கொடுத்தார். குதிரை என்னைத்தான் உதைத்தது.

ஐப்பசியில் ஒரு நாள் காலை, மழை விட்டிருந்த நேரம், பிள்ளை பிறந்தது. மருத்துவச்சி கதவைத் திறந்து தலையை நீட்டினாள்.

"பொம்பளப்புள்ள. ரெண்டு பேரும் சொகம்."

"வெரலு?" என்றாள் என் தாயார்.

"இடது கையில அஞ்சு."

"வலது கையில?"

"அதுலயும் அஞ்சு இருக்கு ஆத்தா." மருத்துவச்சி கொஞ்சம் நிறுத்தினாள். "அதுக்கு மேல ஒண்ணும் இருக்கு."

பத்து கேட்டவளுக்கும் பன்னிரண்டு கேட்டவருக்கும் நடுவே பதினொன்று! அண்ணனும் தம்பியும் எங்கள் தலையில் பாகம் பிரித்துவிட்டார்கள் என்று எனக்குச் சிரிப்புக்கூட வந்தது. என் தாயார் சிரிக்கவில்லை. நேரே பெட்டியைத் திறந்து மயிரை எடுத்து, மஞ்சள் தண்ணீரில் நனைத்து மருத்துவச்சியிடம் கொடுத்தாள்.

அந்த நேரத்தில் தெருமுனையிலேயே குரல் கேட்டது. எல்லாரும் ஆணா பெண்ணா என்று கேட்பார்கள். எங்கள் மாமா வண்டியிலிருந்து குதித்துக்கொண்டே, "எத்தனை? எத்தனை?" என்று கத்திக்கொண்டு வந்தார். ஒரு கையில் கற்கண்டு, மறு கையில் புதுத்துணி. "பதினொண்ணு மாமா" என்றேன். "ஒண்ணு கொறையுதே!" என்று சொல்லிக்கொண்டே நிலைப்படிக்கு வந்தவர், மருத்துவச்சியின் கையில் இருந்த சுருக்கைப் பார்த்தார்.

தூக்கிய காலை உள்ளே வைக்கவில்லை.

"அண்ணே, தப்பா நெனைக்காதீக" என்றாள் என் தாயார். "பொட்டப்புள்ள. நாளைக்கு எவன் கட்டுவான்? உங்க வெரலு உங்களுக்கு அழகு. எம் பேத்திக்கு வேணாம்."

செம்பு கேட்பார், கயிறு கேட்பார், முருகனை இழுப்பார் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் கற்கண்டுப் பொட்டலத்தைக் கீழே வைத்தார்.

"தங்கச்சி, பொன்னழகிக்கு முன்னால எனக்கு ஒருத்தி பெறந்தா. அது பொன்னழகிக்கே தெரியாது. ரெண்டு கையிலயும் ஆறு ஆறு, பன்னெண்டு."

அவர் பன்னிரண்டு கேட்டது எதற்கென்று எனக்கு அப்போது தெரிந்தது.

"இதே மாதிரி மயிரு. வாங்கிக் குடுத்தது நாந்தேன். நாலாம் நாள் கை வீங்கிச்சு. அப்பறம் வாய் தொறக்க மாட்டாம, பால் குடிக்க மாட்டாம, ஒடம்பு வெறச்சுப்போச்சு. பத்தாம் நாள் பேரு வைக்க இருந்தோம். வைக்கலை."

உள்ளே பிள்ளை அழுதது.

"எங்கையிலயும் ஒண்ணு இருந்துச்சு. அது என்னைய ஒண்ணுஞ் செய்யலைன்னு எனக்குத் தெரியும். அன்னைக்கு இந்தக் கைய நீட்டி, 'கட்டாதீக, இங்க பாருங்க'ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வெக்கமா இருந்துச்சு தங்கச்சி. துண்டுக்குள்ள மறைச்சுக்கிட்டு நின்னேன். அவ போனதுக்கப்பறந்தேன் மோதிரம் பண்ணிப் போட்டேன்."

என் தாயார் அவருடைய கையைப் பார்த்தாள். பிறகு மருத்துவச்சியிடமிருந்து அந்த மயிரை வாங்கிக்கொண்டு போய் அடுப்பில் போட்டாள். வீடெல்லாம் நாறியது.

"என்ன ஆத்தா இந்த நாத்தம்!" என்றாள் மருத்துவச்சி.

"நாறட்டும்" என்றாள் என் தாயார். துணியில் சுற்றிய பிள்ளையைக் கொண்டுவந்து மாமாவின் கையில் கொடுத்தாள். "எண்ணித்தானே குடுத்திருக்கான். இருந்துட்டுப் போகட்டும். ஆனா அண்ணே, செம்பைத் தூக்கிக் காட்டுறதெல்லாம் இங்க வேணாம். எம் மகனுக்குக் குதிரை ஒதைச்ச காலே இன்னும் ஆறலை."

கொழுக்கட்டையும் பிள்ளையார்பட்டிக்குப் போயிற்று, காவடியும் குன்றக்குடிக்குப் போயிற்று. பெண்ணுக்கு ஆறுமுகத்தாய் என்று பெயர் வைத்தோம். அதற்குப் பிறகு எங்கேயாவது ஆறு விரல் பிள்ளை என்று கேள்விப்பட்டு மாமா வண்டி பூட்டினால், என் தாயாரும் ஏறிக்கொள்வாள். வெளிவாசலில் அவர் நிற்பார், பிரசவ அறைக்குள் இவள் போவாள். முன்பு மூன்று வீட்டில் ஒரு வீடு அவர் பேச்சைக் கேட்டது. இவள் போகத் தொடங்கிய பிறகு மயிர் எடுக்கத் துணிந்தவர் எவருமில்லை. மகளைப் பெண் பார்க்க வந்தவர்கள் கையைப் பார்க்கத் தயங்கியபோது, என் தாயாரே பேத்தியின் வலது கையைப் பிடித்து அவர்கள் முன்னால் நீட்டினாள். "பதினொண்ணு. எங்க வமுசத்துல அப்படித்தேன். வேணுங்கிறவுக இருங்க, மத்தவுக காப்பியைக் குடிச்சுட்டுக் கெளம்புங்க." அவர்கள் இருந்தார்கள். மாமா அப்போது உயிரோடு இல்லை. இருந்திருந்தால் எழுந்து நின்றிருப்பார்.

இப்போது இந்தக் கதை ஊரில் வேறு மாதிரி உலாவுகிறது. முருகன் கனவில் வந்து கட்டாதே என்றான் என்கிறார்கள். மயிர் தானாகவே அறுந்தது என்கிறார்கள். முருகனை நம்புகிறவன் நான்; அவன் பெயரால் நடக்காததைச் சொல்ல வேண்டாம். யாரும் கனவில் வரவில்லை. ஒரு தகப்பன் வந்து, தான் செய்ததைத் தன் வாயால் சொன்னான், அவ்வளவுதான். வாசித்தவர்கள் இதைப் பிறருக்குச் சொன்னால், கூட்டாமல் குறைக்காமல் இருந்தபடியே சொல்லுங்கள். செக்காலைக்குப் போய் மயிர் வாங்கி வந்தவன் நான் என்பதையும் விட்டுவிடாதீர்கள். நிலைப்படியில் நின்று ஆறுவிரலார் அழுதார் என்று மட்டும் தயவுசெய்து யாரும் சேர்க்க வேண்டாம். அவர் அழவில்லை. அழுதவன் நான்.