குப்பி அக்காவின் முடிச்சும் உடையாத சர்பத் குப்பியும்

தொண்ணூறுகளில் கேரள எல்லையோரத்துப் பாறசாலை ஜங்ஷனில் கண்ணாடி உடைகிற சத்தம் கேட்டுச் சந்தோஷப்பட்ட ஒரே ஜீவன் குப்பி அக்காதான். மற்றவர்கள் துடைப்பத்தைத் தேடுவார்கள். அக்கா கைதட்டுவார்.

பூவார் பக்கம் வலைக்காரக் குடும்பத்தில் பிறந்தவர். ஜங்ஷனில் சர்பத் கடை போட்ட பிறகும் விரல்கள் சும்மா இருக்கவில்லை. காலியான ஜாம் குப்பி, ஊறுகாய் குப்பி எதைக் கண்டாலும் நைலான் நூலில் முடிச்சுப் போட்டு ஒரு சட்டை மாட்டிவிடுவார். நெத்திலிகூட நழுவ முடியாத நெருக்கமான முடிச்சு. சர்பத் அதில்தான் வரும்.

“தாழே விழுந்தாலும் ஒரு சில்லு தெறிக்காது மக்கா. வேணும்னா போட்டுப் பாரு” என்று குடிக்க வந்தவனிடமே கெஞ்சுவார்.

குப்பி தீர்ந்துபோனால் கைப்பிடி வைத்த தேங்காய்ச் சிரட்டை. அதுவும் தீர்ந்தால், ஃபியூஸ் போன பல்பின் கழுத்தை வெட்டிச் செய்த கோப்பை. அடி உருண்டை என்பதால் கீழே வைக்க முடியாது.

“இதெ எங்க வைக்கியது அக்கா?” என்று ஒருமுறை கேட்டேன்.

“வைக்கப்பிடாது. குடிச்சுத் தீத்துட்டுத் தா. அதுக்காக்கும் இது!”

என் தங்கையைப் பெண் பார்க்க நெய்யாற்றின்கரையிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. அதற்கு முன் பல இடம் தட்டிப்போய், அம்மா வாய்விட்டுச் சிரித்தே நாளாகியிருந்தது. வழிகாட்ட நான் ஜங்ஷனில் நின்றேன். காரிலிருந்து முதலில் இறங்கியவர் மாப்பிள்ளையின் அப்பா, ஓய்வுபெற்ற கோர்ட் கிளார்க். சட்டையின் இஸ்திரி மடிப்பில் காய் நறுக்கலாம். தாகமாக இருக்கிறது என்றார். அக்கா இருப்பதிலேயே பெரிய ஜாம் குப்பியை நீட்டினார்.

சைவ வீட்டுப் பழக்கம், பாத்திரத்தில் உதடு படக்கூடாது. அண்ணாந்தார். அகன்ற வாய்க் குப்பிக்கு இந்த ஆசாரமெல்லாம் தெரியுமா? மொத்த நன்னாரி சர்பத்தும் மூக்கு, மீசை, சட்டை என்று குளிப்பாட்டிக்கொண்டு வேட்டி வரை இறங்கியது. பதறியதில் குப்பி கைநழுவித் தார் ரோட்டில் விழுந்தது. சடார்!

அக்கா கைதட்டினார்.

“பெண்ணு காணப் போற வழியிலே கண்ணாடி உடஞ்சா அபசகுனமாக்கும்! எலே, வண்டியத் திருப்பு!” என்று கிளார்க் டிரைவரிடம் கத்தினார். எனக்கு அம்மாவின் முகம்தான் கண்ணில் நின்றது.

அக்கா குனிந்து, முடிச்சுச் சட்டையின் வாயைச் சுருக்கித் தூக்கிக் காட்டினார். உள்ளே குப்பி நொறுங்கிக் கலகலத்தது.

“ஸாறே, தாழே நோக்குங்க. ஒரு சில்லு உண்டா? சில்லே விழாத இடத்துலே உடஞ்சுண்ணு எப்பிடிச் சொல்லுவீங்க?”

கோர்ட் புத்தி சும்மா இருக்குமா? மனுஷர் சொட்டச் சொட்டக் குனிந்து ரோட்டைப் பரிசோதித்தார். செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலால் தடவியும் பார்த்தார்.

“தெளிவு இல்ல” என்றார் கடைசியில், ஆதாரம் இல்லை என்கிற கோர்ட் பாஷையில். “உடஞ்சதா எடுக்க முடியாது. வண்டிய பெண்ணு வீட்டுக்கு விடு.”

காரில் ஏறப் போனவர் திரும்பி வந்து அக்காவிடம் கையை நீட்டினார். “அந்தக் குப்பிய இங்க தா.”

என் அப்பாவின் வேட்டியைக் கட்டிக்கொண்டுதான் அன்று அவர் சம்மதம் சொன்னார். அம்மா அடுக்களைக்குள் போய் அழுதுகொண்டே சிரித்தாள். நொறுங்கிய அந்தக் குப்பி முடிச்சு அவிழாமல் இன்றும் தங்கை வீட்டு ஷோகேஸில் இருக்கிறது. அது உடைந்த குப்பி என்று அந்த வீட்டில் யாரும் சொல்லக்கூடாது.

குப்பி அக்காவை எனக்கு ரொம்பப் பிடிக்கும். இப்போதும் என் வீட்டில் கண்ணாடி டம்ளர் விழுந்தால், துடைப்பத்தை எடுப்பதற்கு முன் அந்தக் கைதட்டலுக்காகக் கொஞ்சம் காத்து நிற்கிறேன்.