காத்துச் சுத்தியும் கீழ்பென்னாத்தூர் மச்சானும்

“மூணுல எது வேணும், சொல்லுங்க,” என்றார் வேலூர்க் கடைக்காரர்.

கண்ணாடி மேஜை மேல் மூன்று காத்துச் சுத்திகள், காற்றைச் செலுத்தினால் தானே தட்டும் சுத்தியல்கள், கிடந்தன. ஒன்று சீமைச் சாமான், மரப்பெட்டிக்குள் மாப்பிள்ளை மாதிரி படுத்திருந்தது. இன்னொன்று பெரிசு, பார்த்தாலே பயம் வந்தது. மூன்றாவது சின்னது. பெட்டியும் இல்லை, பேரும் இல்லை.

சகாதேவன் மூன்றையும் மாறி மாறிப் பார்த்தார். மனைவி ஆதிலட்சுமி திருவண்ணாமலையில் பஸ் ஏற்றிவிடும்போதே பாடம் சொல்லி அனுப்பியிருந்தாள்.

“தூக்கிப் பாருங்க. கைக்கு லேசா இருக்கணும். காத்து கம்மியா குடிக்கணும். வெல ஜாஸ்தின்னா தொடவே தொடாதீங்க. நமக்குக் கசடு தட்டத்தான் வேணும், மலைய ஒடைக்க இல்ல.”

வெல்டிங் அடித்த இடத்தில் கறுப்பாகப் படியும் கசடைத் தட்டி எடுத்தால்தான் மேலே பெயிண்ட் நிற்கும். ராஜேந்திரன் லாட்ஜுக்குப் பெரிய கேட்டும் மாடிப்படிக் கைப்பிடியும் ஒப்புக்கொண்டிருந்தார்கள். கார்த்திகை தீபத்துக்கு முன்னால் மாட்டியாக வேண்டும். எண்பத்திரண்டில் வீட்டோடு பட்டறை வைத்திருந்தவர்கள் எல்லோரும் கைச் சுத்தியால்தான் தட்டினார்கள். தட்டித் தட்டி ஆதிலட்சுமியின் மணிக்கட்டு வீங்கிப்போயிருந்தது.

ஆமாம், தட்டியது ஆதிலட்சுமிதான். வெல்டிங் அடித்ததும் அவள்தான். ஆரணியில் அப்பா பட்டறையில் கற்றுக்கொண்ட வேலை. சகாதேவன் ஒரே ஒரு முறை வெல்டிங் ராடைப் பற்றவைத்துப் பார்த்துவிட்டு, கண் எரிந்து, வெள்ளரிக்காய்த் துண்டை இமை மேல் வைத்துக்கொண்டு படுத்தவர். ஆனால் பொம்பளை அடித்த கேட்டை யார் வாங்குவார்கள்? அதனால் வெளியே அவர் வெல்டர், உள்ளே அவள் வெல்டர். ஆள் வந்தால் அவள் அடுப்படிக்குப் போய்விடுவாள், அவர் முகமூடியைக் கையில் எடுத்துக்கொள்வார். “இன்னா வேலைங்க! வழிச்செடுத்த மாதிரி இருக்குது” என்று யாராவது கிரில்லைத் தடவினால் அவருக்கு நெஞ்சு விம்மும். ‘என் பொண்டாட்டி’ என்று வாய் வரை வருவதை விழுங்கிக்கொள்வார்.

சகாதேவன் சின்னதைத் தூக்கினார். லேசாக இருந்தது. விலையும் கம்மி.

“அது வேணாம் சார். உங்க கைக்குச் சின்னது. நீங்கதானே வெல்டரு?”

“நான்தான்.”

“அப்ப பெரிசா எடுங்க.”

“என் கை பாக்கத்தான் பெரிசு,” என்றார் சகாதேவன். வேறு எதுவும் தோன்றவில்லை.

வீட்டில் ஆதிலட்சுமி அதைக் கையில் பிடித்துப் பார்த்தாள். எனக்கென்றே அளவெடுத்துச் செய்தது போல இருக்கிறதே என்று முகம் மலர்ந்தது. அப்புறம், “காத்துக்கு இன்னா பண்றது?” என்றாள்.

அதை அவர் யோசிக்கவில்லை.

தெருமுனையில் மண்ணாங்கட்டியின் பஞ்சர் கடை. அங்கே கம்ப்ரெசர் இருந்தது. அங்கிருந்து நீளமாக ரப்பர் குழாய் இழுத்துக்கொள்ளலாம் என்று பேசி முடித்தார் சகாதேவன்.

“இன்னாத்துக்குண்ணே காத்து?” என்றார் மண்ணாங்கட்டி.

“புது மிஷின் வாங்கியிருக்கேன். இந்த ஊர்லயே மொத மிஷினு.”

பெருமை தாங்காமல் சொல்லிவிட்டார். பஞ்சர் ஒட்ட வந்தவர்களிடமெல்லாம் மண்ணாங்கட்டி அதைச் சொன்னார். மறுநாள் காலை மண்ணாங்கட்டி குழாயை இழுத்து வந்து மாட்டிக்கொண்டிருக்கும்போதே லாட்ஜ் முதலாளி ராஜேந்திரன் பட்டறை வாசலில் வந்து நின்றார்.

“மிஷின் வந்துடுச்சாமே? கொஞ்சம் ஓட்டிக் காட்டுங்களேன், பாக்கலாம்.”

அடுப்படியில் பாத்திரச் சத்தம் சட்டென்று நின்றது.

சகாதேவன் முகமூடியை மாட்டிக்கொண்டார். கசடு தட்ட அது தேவையே இல்லை. சுத்தியைக் கேட்டின் மேல் வைத்து விசையை அமுக்கினார். தடதடதடவென்று அது அவர் கையை உதறிவிட்டுத் துள்ளி விழுந்து, குழாயோடு தரையில் குதித்து, சுவரோரம் கவிழ்த்து வைத்திருந்த அலுமினியத் தவலையில் போய் முட்டியது. தவலையில் ஒரு ஓட்டை.

மண்ணாங்கட்டி கடைக்கு ஓடிப்போய்க் காற்றை நிறுத்தினார்.

“டெஸ்ட்டு பண்ணேன்,” என்றார் சகாதேவன். “தகரம் தாங்குதானு பாக்கணும் இல்லீங்களா?”

“தாங்கலயே,” என்றார் ராஜேந்திரன் மெல்ல. அவருக்கு இருமல் வந்தது.

“கையில சுளுக்குங்க. அதான்.”

அந்தப் பொய்க்காக அன்றைக்கே கையில் ஒரு கட்டும் கட்டிக்கொண்டார். கட்டுப் போட்டபிறகு பட்டறையில் சத்தம் வரக் கூடாது. சத்தம் வராவிட்டால் வேலை நடக்காது. “நீங்க உள்ளயே இருங்க. வாசக் கதவ சாத்திடறேன். கட்டப் பிரிச்சுட்டு நீங்க அடிக்கிறதா நெனச்சுக்குவாங்க,” என்றாள் ஆதிலட்சுமி.

நல்ல யோசனைதான். சாயங்காலம் வரை சகாதேவன் ஜன்னல் இல்லாத அறையில் உட்கார்ந்திருந்தார். பட்டறையில் அந்தச் சின்னச் சுத்தி அவள் கையில் சொன்னபடி கேட்டது. தட தடவென்று போய், மூலைக்கு வந்ததும் அடங்கி, மறுபடி ஏறியது. சத்தத்தை வைத்தே எந்தக் கம்பியில் இருக்கிறாள் என்று அவருக்குத் தெரிந்தது. சந்தோஷம் தாங்காமல் ஒரு டீ குடிக்கலாம் என்று பின்வாசல் வழியாக நழுவினார்.

டீக்கடை பெஞ்சில் ராஜேந்திரன் இருந்தார்.

“வாங்க. கை எப்படி இருக்குது?”

“பரவால்லீங்க.”

தெருவெல்லாம் கேட்கிற மாதிரி தடதடத்தது காத்துச் சுத்தி.

“உங்க பட்டறையிலதான சத்தம் வருது?”

சகாதேவனுக்கு டீ புரையேறியது. “மச்சான் வந்திருக்கான். கீழ்பென்னாத்தூர்லேந்து. ஒத்தாசைக்கு.”

“நல்லா கேக்குது சத்தம். கை தேர்ந்த ஆளு போலிருக்குதே?”

“ஐயோ, அந்தக் கைக்கு ஈடே கெடையாதுங்க!” சகாதேவன் எழுந்தே நின்றுவிட்டார். “இரும்பு வெண்ணெ மாதிரி கேக்கும். இந்த ஜில்லாவுலயே அப்படி ஒரு ஆளு இல்ல.”

“அப்ப கேட்டு மாட்டுற அன்னிக்கு மச்சானையும் கண்டிப்பா கூட்டிட்டு வாங்க. மரியாத பண்ணணும்.”

வீட்டுக்கு வந்து சொன்னதும் ஆதிலட்சுமி தலையில் கை வைத்தாள்.

“எனக்குக் கூடப் பொறந்தது ஒரே ஒரு தங்கச்சி. மச்சானுக்கு எங்கங்க போறது?”

“ஊருக்குப் போயிட்டான்னு சொல்லிடட்டுமா?”

“கேட்டுக்குக் கீல் அங்க வெச்சுத்தான் அடிக்கணும். நீங்க அடிக்கப் போறீங்களா?”

சகாதேவன் கண்ணைத் தேய்த்துக்கொண்டார்.

“உங்க காக்கிச் சட்டைய எடுங்க,” என்றாள்.

கேட்டு மாட்டுகிற அன்று லாட்ஜ் வாசலில் கூட்டம். வெல்டிங் செட்டோடு வண்டியில் வந்து இறங்கிய மச்சான் தொளதொளத்த காக்கிச் சட்டையும் பேண்ட்டும் போட்டு, தலையில் துண்டு கட்டி, வண்டியை விட்டு இறங்கும்போதே முகமூடியோடு இறங்கினான். ஒரு வார்த்தை பேசவில்லை. “தொண்ட கட்டிக்கிச்சு,” என்றார் சகாதேவன்.

லாட்ஜில் பெருக்கும் ராஜம்மாள் சோடா கொண்டுவந்து நீட்டினாள். முகமூடியைத் தூக்காமல் எப்படிக் குடிப்பது? சகாதேவனே வாங்கிக் குடித்தார்.

அடித்த கீல் கேட்டோடு ஒட்டிக்கொண்டது. மண்ணாங்கட்டி கம்ப்ரெசரை வண்டியில் ஏற்றி அங்கேயே கொண்டுவந்திருந்தார். காத்துச் சுத்தி பாட ஆரம்பித்தது. கசடு உதிர உதிர, உள்ளே வெல்டிங் கோடு அரிசி அடுக்கினாற்போல் வரிசையாக மின்னியது. அத்தனை பெரிய கேட்டை ராஜேந்திரன் ஒரு விரலால் தள்ளினார். முனகல் இல்லாமல் திறந்தது.

கைதட்டல் எழுந்தது. ராஜேந்திரன் ஜரிகைத் துண்டை விரித்து சகாதேவன் தோளில் போர்த்தினார். “இந்த ஊர்லயே இப்படி ஒரு கேட்டு கெடையாதுங்க!”

சகாதேவன் திரும்பிப் பார்த்தார். உச்சி வெயிலில் காக்கிச் சட்டை நனைந்து முதுகோடு ஒட்ட, வீங்கிய மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நின்றிருந்தது அந்த உருவம். தோளில் துண்டு நெருப்பாகச் சுட்டது. ஆர்டர் போனால் போகட்டும், பட்டறையே போனாலும் போகட்டும்.

துண்டை எடுத்து அவள் தோளில் போட்டார்.

“இது என் வேல இல்லீங்க,” என்றார் உரக்க. “மச்சானும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. இவ என் பொண்டாட்டி ஆதிலட்சுமி. மொதலேந்து எல்லாம் இவ அடிச்சதுதான். எனக்கு ராடு பிடிக்கக் கூடத் தெரியாது!”

ராஜேந்திரன் தரையைப் பார்த்தார். மண்ணாங்கட்டி கம்ப்ரெசரைப் பார்த்தார்.

ராஜம்மாள்தான் துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டு ஒரு பெருமூச்சு விட்டாள்.

“அப்பாடா! ஆதிலட்சுமி கைவேலதான் வேணும்னுதானே ஊரே உங்க வூட்டுக்கு வருது. உங்க மனசு நோகக் கூடாதேன்னுதான் சாமி, இத்தன வருஷமா எல்லாரும் வாய மூடிக்கினு இருந்தோம்!”