சேற்றுப்பாறைக் குழுவுக்குப் பத்தாவது ஆள்

அன்பும் அதட்டலும் குறையாத அக்காவுக்கு, தம்பி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நான், என் மகள், என் வாயில் மிச்சமிருக்கும் முப்பத்தொரு பற்கள் அனைவரும் சௌக்கியம். அங்கே நீயும் அத்தானும் அத்தானின் பல்செட்டும் அப்படியே இருக்க வேண்டுகிறேன்.

நீ சொன்னபடியே செய்தேன். முதலில் அதை நம்பு. "தாயில்லாப் பொண்ணு, கல்லுக் கிடங்குல உக்காந்து சேத்துப் பெட்டிக்கு நம்பர் போட்டுக்கிட்டே வயசாயிடும்டா. ஒங்க அத்தானோட சிநேகிதர் கம்பெனியில நல்ல வேலை காத்திருக்கு. ஒண்ணாந்தேதிக்குள்ள கூட்டிட்டு வா" என்று நீ போனில் போட்ட உத்தரவை அட்சரம் பிசகாமல் அவளிடம் ஒப்பித்தேன். அவள் கோபப்படவில்லை. "சனிக்கிழமை எங்க சங்கத்தோட வருஷக் கூட்டம்பா. அன்னிக்கு எங்க குழு கலைஞ்சா அத்தை சொல்ற வேலைக்கே போயிடறேன். கல்லுப் பெட்டி தூக்க மட்டும் கூட வாங்க" என்றாள். குழு கலைவது நிச்சயம் என்று அவள் முகத்திலேயே எழுதி ஒட்டியிருந்தது. பழம் நழுவிப் பாலில் விழுந்தது என்று நானும் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

அக்கா, பெட்ரோலியப் புவியியல் சங்கம் என்றால் நாலு பேர், ஒரு மேசை என்று நினைத்திருந்தேன். அது ஒரு சமுத்திரம். வாடகைக்குப் பிடித்த மூன்று மாடிக் கட்டடம் நிறைய எண்ணெய் தேடுகிறவர்கள், ஆனால் ஒருவராவது எண்ணெயைப் பற்றிப் பேசவேண்டுமே! அவரவருக்கு ஒரு தனிக் குழு, தனிக் கதவு, சட்டையில் குத்திக்கொள்ளத் தனி நிறத்தில் அட்டை. பெட்டியோடு வழி தவறி உப்புக் குழுவுக்குள் நுழைந்துவிட்டேன். பூமிக்கடியில் உப்பு மலைபோல எழும்பி மேலே கிடக்கிற பாறையையெல்லாம் முட்டித் தள்ளுமாம், அதை ஒருவர் கண் கலங்கச் சொல்லிக்கொண்டிருந்தார், நானும் வாய் பிளந்து கேட்டேன், ஆனால் அவர்கள் கொடுத்த சூப்பில் உப்பில்லை. அடுத்த கதவு விரிசல் குழு. அது போன வருஷமே இரண்டாகப் பிரிந்துவிட்டதாம், இந்தப் பாதி அந்தப் பாதியோடு பேசுவதில்லை. மணற்பாறைக் குழுவில் நிற்கக்கூட இடமில்லை. எண்ணெய் போய்த் தங்குவது மணற்பாறையில் என்பதால் மாலை மரியாதையெல்லாம் அவர்களுக்குத்தான். கடைசியில் மாடிப்படிக்கு அடியில், துடைப்பம் வைக்கிற அறைக்குப் பக்கத்தில், நம் பெண்ணின் சேற்றுப்பாறைக் குழுவைக் கண்டுபிடித்தேன். மொத்தம் ஒன்பது பேர். விதிப்படி பத்து வேண்டும். பத்தாமவர் போன மாதம்தான் மணல் பக்கம் தாவினாராம். பத்து இல்லையென்றால் குழுவை மணல்காரர்களோடு சேர்த்துவிடுவார்கள். அவர்கள் முதல் வேலையாகக் கிடங்கிலிருக்கும் சேற்றுப் பெட்டிகளைக் குப்பைக்கு அனுப்பிவிட்டு அலமாரிகளை எடுத்துக்கொள்வார்கள்.

தலை எண்ண இன்னும் நேரமிருந்தது. பெண் ஒரு கல்லை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தாள். கறுப்பாக, ஏடு ஏடாக, பார்க்க ஒன்றுமில்லாத கல்.

"இது ஒரு காலத்துல கடலுக்கடியில கிடந்த சேறுப்பா. ஒரு விரக்கடை படியவே ஆயிரம் வருஷம் ஆகும். கண்ணுக்குத் தெரியாத உயிரெல்லாம் செத்து இதுலதான் புதைஞ்சுது. மேல பாரம் ஏற ஏற, உள்ளயே வெந்து வெந்து எண்ணெயாச்சு. எண்ணெய் பொறக்கறது இங்கதான். மணலுக்குக் குடி போறது அப்புறம்."

"அப்ப பேரு மட்டும் மணலுக்கா?"

"பொறந்த வீட்ட யாருப்பா விசாரிக்கறா?" என்றாள்.

எனக்கு உன் ஞாபகம்தான் வந்தது. சிரிக்கப் பார்த்தேன், சிரிப்பு வரவில்லை. கையிலிருப்பதற்குப் பத்துக் கோடி வயது என்றாள் அவள். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது அக்கா, பயமாகக்கூட இருந்தது. என்ன செய்வதென்று தெரியாமல், நாற்பது வருஷம் மாவு மில்லில் நின்றவன் செய்வதையே செய்தேன். ஒரு பொடியைக் கிள்ளி முன்பல்லால் கடித்தேன். மாவில் மண் கலந்திருக்கிறதா என்று நான் வேறு எப்படிப் பார்த்தேன், நீயே சொல். கரகரத்தது. பெட்டியின் அட்டையிலோ 'சுத்தக் களிமண்' என்றிருந்தது. பக்கத்துப் பெட்டியிலும் ஒரு கிள்ளு கிள்ளினேன், அது வெண்ணெய். அதோடு சும்மா இருந்திருக்கலாம். "ஏம்மா, இதுல மணலு தட்டுதே, அட்டைய மாத்தி ஒட்டிட்டீங்களா?" என்று ஊருக்கே கேட்கிற மாதிரி கேட்டுத் தொலைத்தேன். நுணலும் தன் வாயால் கெடும். நான் பல்லால் கெட்டேன்.

குழுவின் தலைவியம்மாவுக்கு எண்பது வயது. தடியை ஊன்றிக்கொண்டு வந்தார், அதே பெட்டியில் கிள்ளினார், கடித்தார், கண்ணை மூடிக்கொண்டார்.

"பதினோரு வருஷமா இந்த அட்டைய நம்பிக் கட்டுரை எழுதிட்டிருக்கோம்" என்றார். "ஆரம்பத்துல நாங்களும் கடிச்சுத்தான் பாத்தோம். மெஷின் வந்ததும் பல்ல மறந்துட்டோம்."

அந்த நேரம் பார்த்துச் சங்கத்துச் செயலாளர் தலை எண்ண வந்தார். "ஒன்பதுதானே?" என்றார்.

"பத்து" என்று தலைவியம்மா என் தோளை அழுத்தினார்.

"இவர் என்ன படிச்சிருக்கார்?"

"விதியில படிப்புன்னு எங்க இருக்கு? ஆர்வம்னுதானே இருக்கு?"

செயலாளர் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டுப் பெருமூச்சு விட்டார். "ஐயா, உங்களுக்குச் சேத்துப்பாறையில ஆர்வம் உண்டா?"

சத்தியமாக உன் முகம்தான் கண்முன் வந்தது அக்கா. இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், உன் கவலை தீர்ந்தது. பெண் என் பக்கம் திரும்பவே இல்லை. பெட்டியின் மூடியை மெதுவாக மூடிக்கொண்டிருந்தாள். அவள் அம்மா செத்துப்போன வாரத்திலும் இப்படித்தான், என்னிடம் ஒன்றும் கேட்காமல் பள்ளிக்கூடப் பையை மூடிக்கொண்டு கிளம்பினாள். "உண்டு" என்றேன். வேண்டுமென்றே சொல்லவில்லை, ஆர்வம் நிஜமாகவே இருந்தது, சொல்லிவிட்டேன்.

வீட்டுக்கு வரும் வழியில், "அத்தைகிட்ட என்னப்பா சொல்லப்போறீங்க?" என்றாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. நீ பதறாதே. கொடுத்த வாக்கு கொடுத்ததுதான். குழுவிலிருந்து விலகுவதாக ராஜினாமாக் கடிதம் எழுதிக் கையெழுத்தும் போட்டாயிற்று. அது சங்கத்துக்குப் போனதும் மறுபடி ஒன்பது; குழு தானாகக் கலையும்; ஒண்ணாந்தேதி அவளை நானே கூட்டிவந்து கம்பெனி வாசலில் விடுகிறேன். அத்தானின் சிநேகிதரிடம் சொல்லிவை.

அத்தானுக்கு என் வணக்கம். மருந்தை நேரத்துக்குச் சாப்பிடு, என்னைத் திட்டுவதை அதற்குப் பிறகு வைத்துக்கொள்.

இப்படிக்கு,
நீ கிழித்த கோட்டைத் தாண்டாத
தம்பி

பி.கு.: உறைக்குள் தட்டுப்படுவது கல். அதைச் சுற்றியிருப்பது என் ராஜினாமாக் கடிதம். கைக்கு வேறு தாள் அகப்படவில்லை, பிரித்ததும் கிழித்துப் போடு. கல்லின் ஓரத்தை முன்பல்லால் லேசாகக் கடித்து, கரகரக்கிறதா வழுவழுக்கிறதா என்று உடனே எழுது. தலைவியம்மாவுக்கு வயதாகிறது, அடுத்த வருஷத்துக்கு ஒரு ஆள் கையிருப்பு வேண்டும். உனக்கோ எல்லாம் சொந்தப்பல். அத்தானிடம் கொடுக்காதே, செட்டுப்பல் செல்லாது. விழுங்கியும் விடாதே, பத்திரமாகத் திருப்பி அனுப்பு. பெட்டியில் அதன் இடம் காலியாகக் கிடக்கிறது என்று உன் மருமகள் இப்போதே என்னை முறைக்கிறாள்.